பிஸ்கட் தராசில் என் மகள்

"ஏறி நில்லும்மா," என்றார் மாமா.

ஏறி நின்றேன். கையில் பிறந்து இருபத்தொரு நாளான என் மகள். காலடியில் எடை பார்க்கும் கண்ணாடிப் பலகை. அதன் முன்னால் என் மாமனார் கோதண்டம் முழங்காலிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தரையோடு தரையாகக் குனிந்து படித்தார்.

"எண்பத்தொம்பது புள்ளி மூணு!"

மாமா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பு அடிக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவர் காதோடு ரகசியம் சொன்னாலும் லிஃப்டில் போகிறவர்களுக்குக் கேட்கும். எதிர் வீட்டுக் கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்ப பாப்பாவ எங்கிட்ட குடு. நீ மட்டும் நில்லு. ரெண்டையும் கழிச்சா பாப்பா வெயிட்டு வந்துடும்."

கணக்கு சரிதான். பச்சைக் குழந்தையை வீட்டில் எடை போட வேறு வழி இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வில்லங்கம் இருந்தது. என் மகளின் எடை தெரிய வேண்டுமானால், முதலில் என் எடை ஊருக்குத் தெரிய வேண்டும்.

"நக்கோ மாமா," என்றேன்.

ஹைதராபாத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும் நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது. எங்கள் திருநெல்வேலியில் வேண்டாம் என்று சொன்னால் அதற்குப் பிறகும் மூன்று முறை பரிமாறுவார்கள். இங்கே நக்கோ என்றால் விட்டுவிடுவார்கள். மாமா மட்டும் விடவில்லை.

"கைக்கு? ஏன் வேணாம்? ஒரு நிமிஷ வேலை. சரி விடு, காலைல டாக்டர் பாப்பாவ ரெண்டு கிலோ தொள்ளாயிரத்து அம்பதுன்னாங்க இல்ல? எண்பத்தொம்பது புள்ளி மூணுல அதக் கழிச்சா..."

வாய்விட்டுக் கழிக்க ஆரம்பித்தார். விடை வருவதற்குள் நான் பாப்பாவோடு படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சிசேரியன் தையலோடு அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு பத்தியச் சமையல்காரர்

போன வாரம் என் பிரசவத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தானே போகணும்? நீங்க ஏன் போகலை?"

போகத்தான் இருந்தேன் அம்மணி. டிக்கெட்டெல்லாம் எடுத்தாகிவிட்டது. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது என் அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். சரி, மாமியார் பார்த்துக்கொள்வார் என்றால், அவர் அந்த நேரம் பார்த்துப் புனேயில். என் நாத்தனாருக்கு இரட்டைக் குழந்தை. ஒன்றைக் கிடத்தினால் இன்னொன்று எழுந்துகொள்ளும் என்று போனில் அழுதார். அவரை எப்படிக் கூப்பிடுவது?

மிச்சம் இருந்தது இரண்டு ஆண்கள். ஒருவர் என் கணவர் சரவணன். பாதுகாப்புத் துறையில் விஞ்ஞானி. என்ன வேலை என்று எனக்கே தெரியாது, சொல்லக் கூடாதாம். அந்தப் பழக்கத்தில் வீட்டில் பால் பாக்கெட் வாங்கினாரா என்று கேட்டாலும் பதில் வராது. இன்னொருவர் மாமா.

"சம்மந்தி அம்மா, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்," என்றார் மாமா, வீடியோ காலில்.

மாவுக்கட்டோடு படுத்திருந்த அம்மா திகைத்துப்போனாள். "அண்ணாச்சி, இது பிள்ள பெத்தவளுக்கு வைக்கிற பத்தியம்லா. பூண்டு பக்குவம் தப்பினா வயித்தக் கெடுத்துரும். ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"ரயில் பெட்டியவே கழட்டி மாட்டிருக்கேன். பூண்டு இன்னா பெரிய விஷயமா?"

அன்று முதல் எங்கள் சமையலறை ஒரு ஷெட்டாக மாறியது. மாமா நீளமான ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டார். தேதி, பேர், செய்த வேலை, கடைசியில் 'ரிமார்க்ஸ்'. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படி ஒரு தாள் உண்டாம். எல்லாம் பார்த்து முடித்தபிறகு அந்தக் கடைசிக் கட்டத்தில் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வெளியே போகும். அதுவரை ஷெட்டிலேயே நிற்கும்.

நோட்டில் முதல் பக்கத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தது. பாப்பா, செல்வி. செல்வி நான்தான். எங்கள் இருவருக்கும் எதிரே கடைசிக் கட்டம் காலி.

உளுந்தங்களி வந்தது. பூண்டுக் குழம்பு வந்தது. பால் சுறாப் புட்டு வேண்டும் என்று அம்மா சொன்னதும் மாமா ராம்நகர் மீன் மார்க்கெட்டுக்குப் பையோடு கிளம்பினார். சுறா என்றதும் மீன்காரம்மா, "பாலிச்சே தல்லிக்கா?" என்று கேட்டாளாம். பால் கொடுக்கிற தாய்க்கா என்று அர்த்தம். மாமா ஆமாம் என்று சொன்னது மார்க்கெட்டின் மறுகோடி வரை கேட்டிருக்க வேண்டும். ஆறு பேர் கூடி, எந்தத் துண்டு நல்லது என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்து அனுப்பினார்களாம்.

அப்படி ஊரே கூடி எனக்குப் பால் ஊற வேண்டும் என்று பாடுபட்டது. நான் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். திட்டாதீர்கள்.

பூசினாப்போல

அதற்குமுன் என் எடையைப் பற்றிக் கொஞ்சம்.

நான் எப்போதும் குண்டுதான். பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கா" என்று தரகர் சொன்னார். கொஞ்சம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது ஜங்ஷனில் எடை பார்க்கும் மிஷினில் காசு போட்டேன். வந்த அட்டையில் எடையை விரலால் மறைத்துக்கொண்டு, பின்னால் இருந்த ஜோசியத்தை மட்டும் தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் செல்வாக்கு மேலும் வளரும் என்று போட்டிருந்தது. சிரித்துச் சிரித்து ரயிலை விட்டோம்.

பிள்ளை உண்டானதும் செல்வாக்கு தாறுமாறாக வளர்ந்தது. அப்போதெல்லாம் நான் கவலைப்படவில்லை. ஜீடிமெட்லாவில் எங்கள் மருந்துக் கம்பெனியின் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள்: "பால் குடு செல்வி, எல்லாம் பனி மாதிரி கரைஞ்சுடும்."

பிள்ளை பிறந்தது. இரண்டு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று, பால் சரியாக இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில், பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போது, வார்டு நர்ஸ் தலையணையைச் சரிசெய்தபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"மேடம் லாவு கதா, அந்துகே லேட்."

லாவு என்றால் குண்டு. குண்டாக இருக்கிறீர்கள் இல்லையா, அதனால்தான் தாமதம். பாவம், அவள் மனதில் ஒன்றும் இல்லை. பல்ஸ் பார்ப்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் பால் இறங்கியும்விட்டது. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

இத்தனை வருஷம் என் எடையை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். போங்கடா என்று போயிருக்கிறேன். இப்போது அதே எடை என் பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்குகிறது என்றால்? அதைத் தாங்க முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அழுது முடித்து ஒரு முடிவுக்கு வந்தேன். எடைதான் பாலைத் தடுக்கிறது என்றால், எடையைக் குறைத்தால் பால் பெருகும். பால் பெருகினால் எடை இன்னும் குறையும். என்ன அருமையான கணக்கு! எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த மூளை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பட்டினி. இரண்டு சப்பாத்தி, நாலு வெள்ளரிக்காய்த் துண்டு, அவ்வளவுதான். மாமா கொண்டுவந்து வைக்கும் பத்தியச் சாப்பாடு? அதைக் கதவைச் சாத்திக்கொண்டு சரவணனிடம் கொடுத்துவிடுவேன்.

"இது தப்பு செல்வி," என்றார் முதல் நாள். இரண்டாம் நாள், "சுறா நல்லாத்தான் இருக்கு," என்றார். மூன்றாம் நாள், "இன்னிக்குக் களி இல்லையா?" என்றார். ரகசியம் காப்பதில் அரசாங்கமே நம்பிய மனிதர். மூச்சு விடவில்லை. உளுந்து, பூண்டு, வெந்தயம், சுறா, முருங்கைக்கீரை, எல்லாம் வேளை தவறாமல் அவருக்குள் போயின. முகமே பளபளத்துவிட்டது. அவருக்குப் பால் சுரக்காததுதான் பாக்கி.

மாமா காலித் தட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்: முழுதும் சாப்பிட்டது.

ஒரு வாரக் கெடு

மூன்றாவது வாரம் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா விஜயவாடாக்காரர். தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். பாப்பா பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இப்போது ஐம்பது கிராம்தான் கூடியிருந்தாள்.

"எத்தனை தடவை பால் கொடுக்கிறாய்?"

"மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை. அலாரம் வைத்திருக்கிறேன்."

"பிள்ளைக்கு மணி பார்க்கத் தெரியுமா? கேட்கும்போதெல்லாம் கொடு. தலையணை வைத்துக் கக்கத்தில் இடுக்கினாற்போல் பிடி, உனக்கு அது வசதி. ஒரு வாரம் பார்ப்போம். அதற்குள் எடை ஏறவில்லை என்றால் கூடவே பவுடர் பாலும் கொடுத்தாக வேண்டும்."

பவுடர் பால் ஒன்றும் விஷமில்லை. எத்தனையோ நல்ல பிள்ளைகள் அதில் வளர்ந்திருக்கின்றன. எனக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த டப்பா, நீ லாவு, உன்னால் முடியாது என்று கொடுக்கப்படும் சர்டிஃபிகேட்டாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வாரம். ஏழே நாள்.

அன்று சாயங்காலம்தான் மாமா அந்தக் கண்ணாடிப் பலகையை எடுத்து வைத்து, தினமும் பாப்பாவை எடை போடலாம் என்று ஆரம்பித்தார். நான் ஓடினேன். ஓடிப்போய்ப் படுக்கையில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது ஒரு யோசனை வந்தது.

கதவை லேசாகத் திறந்து சொன்னேன்: "மாமா, அந்த மிஷின் நூறு நூறு கிராமாத்தான் காட்டும். பாப்பா ஒரு தடவை எவ்வளவு குடிக்கிறான்னு அதுல தெரியாது. சின்னத் தராசு வேணும். குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, குடிச்சப்புறம் ஒரு எடை. வித்தியாசம்தான் பால்."

விஞ்ஞானம் பாதி, அந்தப் பலகையில் தனியாக ஏறாமல் தப்பிப்பது பாதி.

என் வேலையே நிறுப்பதுதான். கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷம். மாத்திரையில் மருந்து இருக்க வேண்டிய அளவு இருக்கிறதா என்று பார்ப்போம். அங்கே தராசுதான் சாமி. காலையில் போனதும் அதைத் துடைத்து, படிக்கற்கள் வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டபிறகுதான் மற்ற வேலை. ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும். புதுத் தாள் போட வேண்டும். பழைய தாளில் ஒரு துளி தூள் ஒட்டியிருந்தாலும் மேனேஜர் கூரையைப் பிய்த்துவிடுவார்.

மறுநாள் காலையில் மாமா ஒரு எலெக்ட்ரானிக் தராசோடு வந்தார். கூடவே அவருடைய பழைய ஒர்க்‌ஷாப் நண்பர் கௌஸ் பாய். கௌஸ் பாயின் மகன் பேக்கரி வைத்திருக்கிறார். பிஸ்கட் நிறுக்கும் தராசு, ஐந்து ஐந்து கிராமாகக் காட்டும். எவ்வளவு துடைத்தும் அதில் வெண்ணெய் வாசனை போகவில்லை.

"டென்ஷன் நக்கோ லேவ் பேட்டி," என்றார் கௌஸ் பாய். பேட்டி என்றால் மகள். "கால் கிலோ பிஸ்கட்ல ஒரு பிஸ்கட் கம்மியானாலும் இது காட்டிக்குடுத்துடும். பேட்டி ஜோரா வருவா பாரு."

எவர்சில்வர் தாம்பாளத்தில் துணி விரித்து, எடையைப் பூஜ்யமாக்கி, பாப்பாவை வைத்தோம். அவள் கொட்டாவி விட்டாள்.

பாப்பா எனக்குக் கொடுத்த பால்

இரண்டு நாள் நிறுத்தேன். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும். நேரம் போட்டு, இனிஷியல் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

முதல் முறை: வித்தியாசம் பூஜ்யம். இரண்டாவது: கூடுதல் ஐந்து கிராம். மூன்றாவது: குறைவு பதினைந்து. அடுத்தது குறைவு இருபது.

குறைவு! அந்தக் கணக்குப்படி பார்த்தால் நான் பாப்பாவுக்குப் பால் கொடுக்கவில்லை. பாப்பாதான் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சரவணன் அந்த எண்களை வாங்கி லேப்டாப்பில் வரைபடம் போட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "டிரெண்ட் கொஞ்சம் கீழ போகுது," என்றார். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடினேன். அவர் விரல் உள்ளே இருந்தது. அதற்காக இன்றுவரை மன்னிப்பு கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, நான் தோற்றுவிட்டேன்.

"போய் அந்த டப்பாவ வாங்கிட்டு வந்துடுங்க," என்றேன். சரவணன் செருப்பை மாட்டினார். சமையலறையிலிருந்து மாமா கரண்டியோடு வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"என்னால முடியல மாமா. ஒடம்பு பூரா கொழுப்பு. பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டு குடுக்கத் துப்பில்ல."

சொல்லிவிட்டு, மாமனார் முன்னால் அழக் கூடாது என்பதெல்லாம் மறந்து, ஓவென்று அழுதேன். மாமா கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கு அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தத் தெரியாது. கெட்டுப்போன எதையும் கழற்றிப் பார்க்கத்தான் தெரியும்.

"அழாத. ஒரு தரம் என் முன்னாடி நிறு. எப்டி நிறுக்கிறன்னு பாக்கறேன்."

நிறுத்தேன். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எழுபது. அறைக்குள் போய்ப் பால் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். பாப்பாவின் இடுப்புத் துணி வழக்கம்போல் நனைந்திருந்தது. அவிழ்த்து வாளியில் போட்டேன். துடைத்தேன். மடிப்புக் கலையாத புதுத் துணி கட்டினேன். தாம்பாளத்தில் வைத்தேன். இரண்டு கிலோ தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

"பாத்தீங்களா? அஞ்சு கிராம் கொறைஞ்சிருக்கு."

மாமா தராசைப் பார்க்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எதுக்கு மாத்தின?"

"ஈரமா இருந்துச்சே மாமா. சுத்தமான துணியோடதானே நிறுக்கணும்?"

மாமா வாளிக்குள் கையை விட்டு அந்த ஈரத் துணியை எடுத்தார். தராசில் ஒரு காய்ந்த துணியை வைத்தார். இருபது கிராம். அதை எடுத்துவிட்டு ஈரத் துணியைப் போட்டார். எழுபத்தைந்து.

"ஒர்க்‌ஷாப்ல எனக்குக் கடைசி நாலு வருஷம் ஸ்க்ராப் யார்டுல டியூட்டி," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "பழைய இரும்பு ஏத்த ஒரு லாரிக்காரன் வருவான். காலி வண்டிய எடை போடறப்ப டிரைவர், கூட நாலு ஆளு, தண்ணி டிரம்மு, எல்லாம் வண்டில இருக்கும். லோடு ஏத்திட்டு வெளிய போறப்ப ஆளுங்க எறங்கி நடந்து போய்டுவாங்க. டிரம்மக் கவுத்துடுவான். கழிச்சுப் பாத்தா இரும்பு கம்மியாத்தான் காட்டும். ஒரு மாசம் ஏமாந்துட்டேன். அப்புறம் கேட்டுல நின்னு தலைய எண்ண ஆரம்பிச்சேன்."

ஈரத் துணியைத் தூக்கிக் காட்டினார்.

"உன் லோடு சரியாத்தாம்மா இருக்கு. நடுவுல எறங்கிப் போனது இது."

எழுபத்தைந்தில் இருபது போனால் ஐம்பத்தைந்து. குறைந்த ஐந்தைக் கழித்தால் ஐம்பது. ஐம்பது கிராம்! என் மகள் என்னிடம் ஐம்பது கிராம் குடித்திருக்கிறாள். இரண்டு நாளாகக் குடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். குடித்ததை அவள் துணியில் விட, நான் அந்தத் துணியை மாற்றி மாற்றி ஆதாரத்தை வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷப் பழக்கம், புதுத் தாள் போடாமல் கை நிறுக்காது. தரப் பரிசோதனை செய்கிற நானும் நாட்டைக் காக்கிற விஞ்ஞானியும் வரைபடம் போட்டோமே தவிர, மூத்திரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா ஒண்ணு இடிக்குது. வேளைக்கு ஒரு தட்டு சாப்டற. அப்பவும் அம்பதுதானா? நீ வேற மூஞ்சி செத்துப்போய் இருக்க. நான் போடற சுறாவெல்லாம் எங்கதான் போவுது?"

இவ்வளவு நேரமும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் காத்துநின்ற சரவணன் மெதுவாக ஒரு காலை வெளியே வைத்தார். மாமா நிமிர்ந்தார். மகனின் சட்டையில் தொப்புளுக்கு மேலே இருந்த பட்டன் கடைசி மூச்சில் இருந்தது.

"டேய். நில்லு."

காவல்

திட்டு விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை. மாமா உள்ளே போய் ஒரு தட்டில் சூடாகச் சோறும் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் போட்டுக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாப்டு. நான் பாத்துட்டே இருப்பேன்."

"மாமா, இவ்ளோ சாப்ட்டா இன்னும்..."

"இன்னும் இன்னா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கே உன்னப் பாத்துட்டுத்தானே வந்தோம்? எங்களுக்குக் கண்ணில்லையா? அப்ப சரியா இருந்த ஒடம்பு இப்ப எப்டிம்மா தப்பாச்சு?"

தட்டை இழுத்துச் சாப்பிட்டேன். பதினைந்து நாள் பசி. இரண்டாவது தட்டும் கேட்டேன். அந்தச் சுறாப் புட்டின் ருசியை வர்ணிக்க எனக்கு வராது. சரவணன் மட்டும் அதை முன்பே ருசித்தவர் என்பதால் தூரத்தில் நின்று எச்சில் விழுங்கினார்.

அம்மாவுக்கு விஷயம் போனதும் போனில் ஒரு பிடி பிடித்தாள். "ஏட்டி, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா? பால் குடுக்கவ பட்டினி கெடப்பாளா? பாவம் அண்ணாச்சி, அடுப்புல வெந்து வெந்து போடுதாவ, நீ புருசனுக்குப் பிள்ளப் பத்தியம் வைக்கியா?"

அந்த ஏழு நாளில் மிச்சமிருந்த நாட்களில் நான் இரண்டு வேலைதான் செய்தேன். சாப்பிட்டேன். பாப்பா வாயைத் திறந்தபோதெல்லாம், அலாரத்தைப் பார்க்காமல், கக்கத்தில் இடுக்கிப் பால் கொடுத்தேன். தராசைக் கௌஸ் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர் மறுபடியும் அதைப் பிஸ்கட்டுக்குத்தான் வைத்திருக்கிறார் என்பதை அந்தக் கடையின் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லவில்லை. என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அந்தக் கடையைத் தாண்டும்போது, "நீ இந்தத் தராசுல படுத்திருக்க" என்றால், "ச்சீ, ஜோக் செய்யக்கு மம்மி," என்று, விளையாடாதே என்பதைத் தெலுங்கில் சொல்லி அலுத்துக்கொள்வாள்.

கெடு முடிந்த அன்று டாக்டரம்மாவின் தராசில் பாப்பா மூன்று கிலோ நூற்று நாற்பது.

"ஏறிவிட்டாளே! பவுடரெல்லாம் வேண்டாம்," என்றார்.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "டாக்டர், நான் குண்டா இருக்கறதாலதான் பால் லேட்டாச்சா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "எடை கூட இருந்தால் முதலில் பால் இறங்க ஓரிரு நாள் தாமதமாகலாம். சிசேரியனாலும் ஆகலாம். அது உன் குற்றம் இல்லை. அதன்பிறகு பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். நீ பட்டினி கிடந்தால் ஊறாது. பால் கொடுத்தால் சிலர் இளைப்பார்கள், சிலருக்குப் பசிதான் கூடும். உன் எடையைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். இப்போது சாப்பிடு."

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். வந்ததும் நான்தான் கூப்பிட்டேன்.

"மாமா, அந்த மிஷினக் கொண்டாங்க."

பாப்பாவை அவர் கையில் கொடுத்தேன். தனியாக ஏறி நின்றேன். அவர் குனிவதற்குள், எதிர் வீட்டுக்கும் கேட்கட்டும் என்று நானே கத்தினேன்: "எண்பத்தேழு புள்ளி ஆறு!"

அடுத்து சரவணனை ஏற்றினோம். ஆபீஸ் மெடிக்கலில் எழுதியிருந்ததைவிட ஆறு கிலோ கூடுதல்.

மாமா மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து, மூடாமல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். சரவணன் முதலில் எட்டிப் பார்த்தார்.

"அப்பா, இது என்ன அநியாயம்?"

போய்ப் பார்த்தேன். புதுப் பக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. பாப்பா, மூன்று கிலோ நூற்று நாற்பது, ஃபிட். சரவணன், எண்பத்து நான்கு கிலோ, ஓவர்லோடு.

மூன்றாவது வரியில் என் பெயர். பக்கத்தில் எண்பத்தேழு புள்ளி ஆறு. இத்தனை நாள் எனக்குக் காலியாகவே இருந்த கடைசிக் கட்டத்தில், இரண்டு முறை அழுத்தி எழுதிய கறுப்பு எழுத்தில், ஃபிட். கீழே கையெழுத்து.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மாவுக்கட்டைத் தூக்கி வைத்தபடி அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"எழுத்து தெரிய மாட்டேங்கு. என்னட்டி எழுதிருக்காவ?"

வாசித்துக் காட்டினேன். எடையையும் சேர்த்துத்தான், இரண்டு முறை.